மணமேடையும் நான் அழித்த மைனஸும்

என்னிடம் ஒரு ஃபுல்ஸ்கேப் தாள் இருக்கிறது. அதன் வலது மேல் மூலையில் ‘30.8.1979, வியாழன், மாலை மணி 5.40’ என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே பென்சிலால் ஒரு நீளக் கோடு, கோட்டைத் தாங்கும் மூன்று முக்கோணங்கள், பிறகு பக்கம் முழுக்கக் கணக்கு. கடைசி வரி இது: ‘பெண் வீட்டுப் பக்கத் தாங்கி = 30 கிலோ. சரி.’ சமக்குறிக்கும் முப்பதுக்கும் நடுவில் தாள் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது. அதை நான் ரப்பர் போட்டு அழித்தேன். (ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பர்மீது இருக்கும் அளவுகடந்த நம்பிக்கை.)

தெரியாமல் தவறு செய்பவர்களை உலகம் மன்னித்துவிடுகிறது. நான் செய்தது அப்படியல்ல. சரியான விடை கையில் வந்த பிறகு, அதைச் சிரமப்பட்டுத் திருத்தித் தவறாக்கினேன். அதன் விளைவாக என் அக்காவின் கல்யாணம் மூன்றாவது முடிச்சு வரை ஊசலாடியது. ஊசலாடியது என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்தது எங்கள் தோட்டம். நான் சொல்லும் காலத்தில் அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். தொழிலாளர் லயத்து வீடுகளில் பாதி காலி. அப்பா தோட்டத்து லோரி ஓட்டுவதை விட்டு, டவுனில் ஒரு பலகைக் கடை லோரிக்கு மாறியிருந்தார். அக்கா சரோஜா ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நான் அதே ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. வயது இருபது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்லைடு ரூல் இருக்கும், பாதி வெளியே தெரியும்படி. கால்குலேட்டர் வந்துவிட்ட காலம்தான். ஆனால் கால்குலேட்டர் பைக்கு வெளியே தெரியாதே.

மாப்பிள்ளை பாலன் தெலுக் அன்சன்காரர். (இன்றைய தெலுக் இந்தான், சாய்ந்த கடிகாரக் கோபுரத்துக்குப் பெயர்போன ஊர். பெயர் மாறியது 1982இல். அதற்கு முந்திய சம்பவம் என்பதால் பழைய பெயரையே எழுதுகிறேன்.) மின்கம்பம் ஏறும் வேலை, அதிகம் பேசாத ஆள். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா தனலெட்சுமி அத்தை பேசுவார். மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். நிச்சயதார்த்தத்தன்று அவர் நகை கேட்கவில்லை, மோட்டார் சைக்கிள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணே, என் மூத்த மகளுக்கு முகூர்த்தம் தப்பிப் பத்து நிமிசம் கழிச்சுத் தாலி ஏறுச்சு. ஒரே வருசத்துல பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டா. இப்ப என் வீட்டுலதான் இருக்கா. அதனால சொல்றேன். ஒன்பதுலேருந்து பத்துக்குள்ள தாலி கட்டணும். பத்து தாண்டுச்சுன்னா நாங்க வந்த பஸ்ஸுல ஏறிடுவோம். கோவிச்சுக்காதீங்க.”

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. அப்பா தலையாட்டினார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாலனைப் பிடித்திருந்தது. (இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதத்தில் மட்டும் எங்கள் வீட்டில் மூன்று முறை மின்தடை வந்தபோதும் அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி.)

கிளம்பும்போது அத்தை வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மேடை உயரமாக இருக்கும், கடைசி நாற்காலியில் இருப்பவனுக்கும் தாலி தெரியும் என்று. அது நிபந்தனையல்ல, சும்மா ஒரு பேச்சு. ஆனால் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தோட்டத்து மண்டபத்தில் அதுவரை யாரும் மேடை போட்டதில்லை. சிமெண்டுத் தரையில் பாய் விரித்துத்தான் எல்லாருக்கும் கல்யாணம்.

“மேடை போடுறோம்,” என்றார் அப்பா. “நம்ம வீட்டுலயே இஞ்சினியர் இருக்கான்.”

அந்த இஞ்சினியர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்லியாக வேண்டும். ஒரு பலகையை இரண்டு முனைகளிலும் இரண்டு கட்டைகள் தாங்கினால், எந்தக் கட்டை எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டையை நுழைத்துவிட்டால் வந்தது வம்பு. தெரியாத விடைகள் மூன்று, கையில் இருக்கும் சமன்பாடுகள் இரண்டு. எந்தக் கட்டையும் தன் பங்கு எவ்வளவு என்று தானாகச் சொல்லாது. பலகை எங்கே எவ்வளவு வளைகிறது என்று கண்டுபிடித்தால்தான் கட்டைகளின் பாரம் தெரியும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாடத்தை எங்களுக்கு ஜூன் மாதத்தில் நடத்தினார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. காரணம், என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. மேடை என்றதும் நான் உடனே மூன்று தாங்கி என்று முடிவு செய்தேன். இரண்டு தாங்கி வைத்தால் கணக்கு சுலபமாகிவிடும், அதில் என்ன பெருமை?

இருபத்து நான்கு அடி நீளம். நடுவில் ஒரு தாங்கி, ஓரங்களில் இரண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பாதியில் எட்டுப் பேர், பெண் வீட்டார் மறு பாதியில் எட்டுப் பேர், ஆளுக்கு அறுபது கிலோ. ஆக மொத்தம் 960 கிலோ. கணக்குப் போட்டேன். நடுத் தாங்கிக்கு 600 கிலோ. ஓரத் தாங்கிகளுக்கு ஆளுக்கு 180. அழகாகக் கூட்டு வந்தது. (மேடையின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை என்று பொறியாளர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். தெரியும்.)

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கணக்கு நன்றாக வந்த உற்சாகத்தில் இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் மேடையில் இருந்தால்? ஒரு பாதியில் 480 கிலோ, மறு பாதி காலி. விடை வந்தது: மாப்பிள்ளைப் பக்க ஓரத்துக்கு 210, நடுவுக்கு 300, பெண் வீட்டு ஓரத்துக்கு மைனஸ் 30.

மைனஸ் முப்பதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை ஒன்றுமே சுமக்காமல் சும்மா இருக்கலாம், அப்படிப்பட்ட கட்டைகளை எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாததற்கும் கீழே முப்பது கிலோ எப்படிச் சுமக்கும்? எங்கோ குறியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று தோன்றியது. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அந்த மைனஸ் வந்து நின்றது. நான்காவது முறை ரப்பரை எடுத்தேன்.

அந்த மைனஸுக்கு என்ன பொருள் என்பதை வகுப்பில் விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். அந்த முனை கீழே அழுந்தாது, மேலே கிளம்பப் பார்க்கும், கட்டை அதைத் தாங்கினால் போதாது, கீழே பிடித்து இழுக்க வேண்டும், எனவே கட்டிப்போட வேண்டும் என்று. இதைச் சொன்ன வகுப்புக்கு நான் போகவில்லை. என் நாட்குறிப்பின்படி அன்று மத்தியானக் காட்சிக்குப் போயிருந்தேன். படம் நன்றாக இல்லை என்றும் குறிப்பு இருக்கிறது.

இதில் இன்னொரு வெட்கக்கேடு. மைனஸை அழித்த பிறகு 210, 300, 30 மூன்றையும் கூட்டினால் 540 வருகிறது. மேடையில் ஏறியவர்கள் 480 கிலோ, மேடை தாங்குவது 540 கிலோ. கூடுதலாக வந்த அந்த அறுபது கிலோ ஆசாமி யார் என்று நான் கேட்கவே இல்லை. யாராவது அழைக்காத விருந்தாளியாக இருக்கும்.

மேடைச் சாமான் டவுனிலிருந்த ஆ சாயிடம் வாடகைக்கு எடுத்தோம். தோட்டத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த சீனர். எங்களைவிட நன்றாகத் தோட்டத் தமிழ் பேசுவார். மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் கொண்டாட்டத்துக்குப் போயிருந்த பலகைகள் திரும்பி வர, சனிக்கிழமை காலையில்தான் கொண்டுவந்தார். மூன்று இடத்திலும் பழைய ரயில் கட்டைகளை இரண்டடி உயரத்துக்கு அடுக்கினார். நீளச் சட்டங்களைப் போட்டார், பலகை பரப்பினார். பிறகு தரையில் இருந்த இரும்பு வளையங்களோடு இரண்டு ஓரங்களையும் தடித்த கம்பியால் இறுக்கிக் கட்டினார். நான் தாளோடு போய் நின்றேன்.

“அண்ணே, இந்தக் கம்பி எதுக்கு?”

“எகிறாம இருக்க.”

“எதுக்கு எகிறும்? மூணு தாங்கி இருக்குலா.”

“தம்பி, ஜனம் ஒரு பக்கமா நின்னா மறுபக்கம் எகிறும். நான் எத்தனை மேடை போட்டிருக்கேன்!”

“கணக்குல பாருங்க. அந்தப் பக்கம் முப்பது கிலோ கீழதான் அழுத்துது.” தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். “அதோட, கம்பி கட்டுனா என் கணக்கே மாறிப் போயிரும். கணக்குல கம்பி இல்ல.”

“அப்ப கணக்குல கம்பியச் சேத்துக்க லா.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குப் பொறியியல் சொன்னதில்லை. நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கும் சிரிப்பு, நினைத்தால் இன்றும் முதுகு கூசுகிறது. ஆ சாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பையன் சொல்றபடியே விட்டுருவோம் சாய். காலேஜ்ல படிக்கிறான்,” என்றார்.

ஆ சாய் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் குறட்டை எடுத்துக் கம்பிகளைக் கழற்றினேன். அத்தோடும் நிற்கவில்லை. நடுத் தாங்கிக்கு 600 கிலோ, ஓரத்துக்கு 180தானே? ஓரங்களில் ரயில் கட்டை அனாவசியம். ஓரத்துக் கட்டைகளையும் எடுத்து நடுவில் சேர்த்து அடுக்கி, நடுவைக் கோட்டைபோல ஆக்கினேன். ஓரங்களில் கல்யாணத்துக்கு வந்திருந்த சோடாப் பெட்டிகளை வைத்தேன். இரண்டு மரப்பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று, போத்தல்களோடு. காலிப் பெட்டியைவிட நிறைந்த பெட்டி உறுதி என்பது என் கருத்து. ஏறிக் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்போது என் எடை நாற்பத்தொன்பது கிலோ.

மறுநாள், 1979 செப்டம்பர் 2, ஞாயிறு, ஆவணி 17. தெலுக் அன்சன் பஸ் எட்டேகாலுக்கு வந்தது. ஒன்பதரைக்கெல்லாம் தாலி கட்டிவிடலாம் என்று எங்கள் கோயில் பண்டாரம் சொன்னார். மேடையின் நடுவே செங்கல் அடுக்கி ஓமம் வளர்த்திருந்தார். ஒன்பது இருபதுக்குக் கூறைச் சேலையை ஆசீர்வதித்துக் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கிக்கொண்டு கட்டிவரப் போனாள். எங்கள் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் போனார்கள். ஒரு சேலையைக் கட்ட எங்கள் குடும்பத்தில் பதினான்கு பேர் வேண்டும்.

பெண் வீட்டுப் பாதி காலி. அங்கே சீர்வரிசைத் தட்டுகள் மட்டும் இருந்தன. தேங்காய், ஆரஞ்சு, லட்டு, சீப்புச் சீப்பாக வாழைப்பழம்.

ஈப்போவிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் இதுதான் சமயம் என்று நினைத்தார். “மாப்பிள்ளை வீட்டாளுங்கள்லாம் வாங்க! ஒரு குரூப் எடுத்துருவோம். நடுவுல புகையா இருக்கு, அந்த ஓரத்துக்கு வாங்க, சன்னல் வெளிச்சம் நல்லா இருக்கு. இன்னும் ஓரம். இன்னும். அண்ணே, நீங்க உசரம், பின்னால. ஆங், நெருங்கி நில்லுங்க!”

எட்டுப் பேர் என்பது என் கணக்கு. ஏறியவர்கள் பன்னிரண்டு. அதில் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவிந்தன், தெலுக் அன்சன் மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடை. அவரை ஒருவர் என்று எண்ணுவதே அநியாயம்.

முதலில் கேட்டது ‘கிரீச்’. பிறகு நாற்பத்தெட்டு சோடா போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மாப்பிள்ளைப் பக்கம் கப்பல் மூழ்குவதுபோல நிதானமாக இறங்கியது. பெண் வீட்டுப் பக்கம் அதே நிதானத்தோடு மேலே எழும்பியது. அந்த முனைக்குக் கீழே நான் வைத்த சோடாப் பெட்டிகள் எதையும் சுமக்காமல், அனாதையாக, பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் அந்த மைனஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டடி உயரத்தில்.

சீர்வரிசை நகர ஆரம்பித்தது. தேங்காய்கள் முன்னால் உருண்டன, ஆரஞ்சுகள் தொடர்ந்தன, தட்டுகள் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தன. யாரும் கேட்காமலேயே அத்தனை சீரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது. நடுவில் பண்டாரம் மட்டும் ஓமத்தோடு ஒரு பக்கம் சாய்ந்தபடி மந்திரத்தை நிறுத்தாமல் சொன்னார். மிதிவண்டி ஓட்டுபவன் திருப்பத்தில் சாய்வதுபோல இருந்தது.

“ஐயோ ரத்தம்!” என்று யாரோ கத்தினார்கள். பாலனின் பட்டு வேட்டி முழுக்கச் சிவப்பு. கோவிந்தன் மாமா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஆரஞ்சு சோடா லா,” என்றார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை நான் அன்றே ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

தனலெட்சுமி அத்தை வாழைப்பழச் சீப்பு மடியிலிருக்க எழுந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. “மணி என்ன?” என்றார்.

ஒன்பது இருபத்தெட்டு.

“கீழயே உக்கார வெச்சுக் கட்டிருவோம்,” என்றார் அப்பா.

“ஓமம் வளத்த எடத்த விட்டு மாறக் கூடாது,” என்றார் பண்டாரம். செங்கல்லையும் நெருப்பையும் தூக்கிக்கொண்டு நடக்க அவர் தயாராக இல்லை.

எனவே மேடையிலேயே நடக்க வேண்டும். மாப்பிள்ளைப் பக்கப் பெட்டிகள் நொறுங்கிவிட்டன. புதிதாக வைக்கலாமென்றால், மீதிப் பெட்டிகள் சமையல் கொட்டகையில் ஐஸுக்குள் கிடந்தன. நடுவில் நான் சேர்த்து அடுக்கிய ரயில் கட்டைகளை உருவ முடியாது, அவற்றின்மேல்தான் ஓமம். கம்பியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மூளை வேலை செய்தது ஒரே ஒரு வழியில்தான். பெண் வீட்டுப் பக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதல் கனமாக இருந்தால், அது தன் சோடாப் பெட்டியில் அழுந்தி நிற்கும், மேடை மட்டமாக இருக்கும். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தேன். அப்பா என் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே விவரிக்கவில்லை.

“எல்லாரும் கீழயே நில்லுங்க. பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நடுவுல உக்காரட்டும்,” என்றேன்.

“எங்க ஆளுங்க மேடையில இல்லாமயா?” அத்தை நிமிர்ந்தார். “பஸ் புடிச்சு வந்தது தரையில நிக்கிறதுக்கா? பன்னிரண்டு பேரும் ஏறுவோம்.”

“அப்ப எங்க பக்கம் பதினஞ்சு பேர் ஏறணும் அத்தை.”

“ஏன் உங்களுக்கு மட்டும் மூணு கூட?”

“அது மரியாதைக் கணக்கு இல்ல அத்தை, பாரக் கணக்கு.”

“அப்ப எங்க ஆளுங்க பாரமா?”

இப்படித்தான் எடை கேட்க வேண்டியதாயிற்று. ஒரு கல்யாண வீட்டில், இரு தரப்பு உறவினர்களிடமும், பேனாவும் கையுமாக. ஆண்கள் காத்திக் கணக்கில் சொன்னார்கள். நான் காத்திக்கு அறுநூறு கிராம் என்று பெருக்கினேன்.

“நான் நூத்தி அறுவது காத்தி,” என்றார் கோவிந்தன் மாமா பெருமையாக. “போன மாசம்தான் கடைத் தராசுல நின்னு பாத்தேன்.”

“எங்க சித்தப்பா நூத்தி அறுவத்தஞ்சு!” என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

“ஆளப் பாத்தாத் தெரியலையே லா. துண்டோட சேத்தா?”

பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். “ஏன்டா, நான் என்ன ஆட்டுக்கறியா?” என்றார். அத்தோடு பெண்கள் தரப்பில் எடை விசாரணை முடிந்தது. நான் பார்வையாலேயே மதிப்பிட்டு எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு எழுபதா?” என்று கேட்டார். அவர் இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவார், என்னிடம் மட்டும் பேசமாட்டார்.

மணி ஒன்பது நாற்பத்தாறு. அத்தை கடிகாரம் கட்டியிருந்தவர்களின் மணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் மூத்த மகள் நின்றாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல். அதுவரை நான் மேடையை மட்டுமே காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா கூறைச் சேலையோடு வந்தாள். சாய்ந்த மேடையைப் பார்த்தாள், சோடாவைப் பார்த்தாள், என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள்.

“டேய், சுருக்கமாச் சொல்லு. எந்தப் பக்கம் கனம் வேணும்?”

“நம்ம பக்கம்.”

“எவ்வளவு?”

“நூறு கிலோ இருந்தாப் போதும். ஆனா நம்ம ஆளுங்க...”

அவள் கேட்கவில்லை. நேராகக் கோவிந்தன் மாமாவிடம் போனாள். “மாமா, நீங்க எங்க பக்கம் வந்து நில்லுங்க.”

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண் வீட்டார் பக்கம் நிற்பதா? அவர் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினார். “அது எப்படிம்மா? முறைன்னு ஒண்ணு இருக்குலா.”

அக்கா அத்தையைப் பார்த்தாள். “அத்தை, மணி ஒன்பது நாப்பத்தெட்டு.”

அத்தை முறையையும் மணியையும் எடைபோட எடுத்துக்கொண்டது இரண்டு விநாடி. “அண்ணே, போய் நில்லுங்க அந்தப் பக்கம்!”

“அதுக்கில்ல தனம்...”

“போங்கண்ணே! இன்னொரு பொண்ணு பெட்டி தூக்கணுமா?”

அவர் போனார். எங்கள் முனை மெதுவாக இறங்கிச் சோடாப் பெட்டியில் ‘டொக்’கென்று உட்கார்ந்தது. மேடை மட்டமானது. பிறகு நான் பெயர் கூப்பிட ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் என்று ஏறினார்கள். பரீட்சை மண்டபத்துக்குள் போவதுபோல. ஒவ்வொருவர் ஏறும்போதும் மற்றவர்கள் மூச்சை அடக்கினார்கள், அதனால் எடை குறையும் என்பதுபோல. “யாரும் அசையாதீங்க! தும்மல் வந்தா முன்கூட்டியே சொல்லுங்க!” என்று நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன். பாலன் மட்டும் சாதாரணமாக நடந்து வந்து நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு ஆடும் இடத்தில் நிற்பதுதானே வேலை. உட்கார்ந்ததும் அக்காவிடம் ஏதோ சொன்னார். அவள் தலை குனிந்து சிரித்தாள். என்ன சொன்னார் என்று இருவரும் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

கெட்டிமேளம். முதல் முடிச்சு. இரண்டாம் முடிச்சு. மூன்றாவது முடிச்சு போட நாத்தனார் வர வேண்டும். அந்த மூத்த மகளே வந்தாள், மாப்பிள்ளைப் பக்கத்திலிருந்து நடுவுக்கு. முடிச்சைப் போட்டு இறுக்கி, இன்னொரு முறை இறுக்கினாள்.

அட்சதை பறந்தது. அந்த மகிழ்ச்சியில் இரு தரப்பும் என் கட்டளையை மறந்து ஓரடி முன்னால் வைத்தார்கள். கோவிந்தன் மாமா மட்டும் கையைத் தூக்கி ஒரு குதி குதித்தார். எங்கள் பக்கத்து நாற்பத்தெட்டு போத்தல்களும் போயின. இந்த முறை பெண் வீட்டார் ஆரஞ்சுக்குள். ஏற்கெனவே வழுக்கிப் போயிருந்த தேங்காய்களில் மிச்சம் இருந்தவை உருண்டு எங்களிடம் திரும்பி வந்தன. இரண்டு சம்பந்திகளும் சமமாக விழுந்துவிட்டதால் யாருக்கும் மனக்குறை இல்லை.

விழுந்த இடத்திலிருந்தே அத்தை கேட்டார்: “தாலி கட்டுனப்ப மணி என்ன?”

இதற்குத்தான் மூன்று விடைகள் வந்தன. பண்டாரத்தின் கடிகாரத்தில் பத்தடிக்க ஒரு நிமிடம். போட்டோக்காரரின் கடிகாரத்தில் பத்து மணி ஆறு நிமிடம். போட்டோக்காரர் அதைச் சொன்னதும் அப்பாவின் முகம் வெளுத்தது. அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்து வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். அப்போது கோவிந்தன் மாமா சோடாவிலிருந்து கையைத் தூக்கினார்.

“ஒன்பது அம்பத்தேழு! என் கடிகாரம் பொய் சொல்லாது. இன்னிக்குக் காலையில பஸ் ஏறுறதுக்கு முன்னால நம்ம ஊர் கோபுரத்து மணியப் பாத்துத்தான் திருப்பி வெச்சேன்.”

“அது சாஞ்ச கோபுரம்லா!” என்று எங்கள் பக்கத்திலிருந்து யாரோ வாயைக் கொடுத்தார்கள். (அது நானாகவும் இருக்கலாம். நாட்குறிப்பில் பெயர் இல்லை.)

“கோபுரம்தான் சாஞ்சிருக்கு. மணி நேராத்தான் ஓடுது!” என்றார் அவர். மண்டபமே சிரித்தது. அத்தையும் சிரித்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, “வாம்மா, வேட்டியையெல்லாம் அலசிப் போடணும்,” என்றார். பஸ் மாலையில்தான் கிளம்பியது.

இதன் பின்விளைவுகளைத் தேதிவாரியாக எழுதலாம், சுருக்கிச் சொல்கிறேன். அந்த ஆண்டுத் தேர்வில் மேல்நோக்கி எழும் தாங்கியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள், நான் ஐந்து பக்கம் எழுதினேன். பிறகு முப்பது வருடம் கட்டட வரைவாளராக இருந்தேன். நான் வரைந்த எதுவும் விழுந்ததில்லை. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் கம்பி போட்டுக் கட்டியிருப்பேன். அக்காவின் பிள்ளைகள் என்னை ‘மைனஸ் மாமா’ என்று அழைத்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் அப்படித்தான், காரணம் தெரியாமலேயே. குரூப் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது. அத்தனை பேரும் ஒரே கோணத்தில் சாய்ந்து, வாய் திறந்தபடி. ஆட்கள் நேராகத் தெரியட்டும் என்று ஆல்பத்தில் படத்தைக் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கம்தான் முதலில் திறக்கிறது. எந்த விசேஷத்தில் மேடை ஏறினாலும் பாலன் மச்சான், “அவன் எங்க நிக்கிறான்னு பாத்துக்கங்க,” என்கிறார்.

1982 தொடக்கத்தில் நாடு முழுக்கக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தபோது அத்தையிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அப்படியானால் பழைய முகூர்த்தக் கணக்கு என்ன ஆகும், பின்தேதியிட்டு மாறுமா என்று கேட்டிருந்தார். மாறாது என்று விளக்கமாகப் பதில் போட்டேன். நான் கணக்குச் சொல்லி அவர் நம்பிய முதல் தடவை அது. அதற்குள் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஒன்று மட்டும் பாக்கி. மூன்று கடிகாரங்களில் எது சரி என்று தெரிந்துகொள்ள, அந்த வாரம் தெலுக் அன்சன் கோபுரத்து மணி எப்படி ஓடியது என்று பலரிடம் விசாரித்தேன். ஒருவர் அது சரியாக ஓடியது என்றார். ஒருவர் பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது என்றார். மூன்றாமவர், அப்போது அது ஓடவே இல்லை என்று நினைவு, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். எழுத்தில் எந்தப் பதிவும் எனக்குக் கிடைக்கவில்லை. போட்டோக்காரரும் கோவிந்தன் மாமாவும் இப்போது இல்லை. அக்காவிடம் கேட்டால், “அழிச்சுத் தொலைடா அத,” என்கிறாள். நான் எதையும் அழிப்பதை விட்டுவிட்டேன். ஆகவே இருக்கிறபடியே எழுதுகிறேன்: என் அக்கா சரோஜாவின் கழுத்தில் தாலி ஏறியது முகூர்த்தத்துக்கு உள்ளா, வெளியா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.